அஞ்சலட்டையில் மூன்று பெயர்கள்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் என் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். அதில் மூன்று ஜப்பானியச் சித்திரக் கதைகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரு குறிப்பு. முதலாவதற்கு, "நன்னா கட்டாயம் படிக்க வேண்டும், அழுகை வரும்." இரண்டாவதற்கு, "நல்ல கதைதான். நடுவில் இழுத்துவிட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்." மூன்றாவதற்கு, "எனக்கு மிகவும் பிடித்தது, உங்களுக்குப் பிடிக்காது."

தாளைக் கண்ட என் மகன், "நன்னாவிடம் போய்ப் பொம்மைக் கதையைக் கொடுப்பதா?" என்று அவளைக் கடிந்துகொண்டார். நானோ வேறொன்றை எண்ணி நாணிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ நூல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். "அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்" என்னும் தொடரை எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால், "எனக்குப் பிடித்தது, உமக்குப் பிடிக்காது" என்று ஒருமுறையேனும் எழுதியதுண்டா? இல்லை. அவ்வளவு நேர்மை எனக்கு வாய்க்கவில்லை.

"இப்படிக் குறிப்பெழுதுவதை யாரம்மா உனக்குக் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டேன். "மங்கா படிக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் நன்னா" என்றாள். அந்த வழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஜப்பானில் அச்சில் வரும் சித்திரக் கதைக்கு மங்கா என்று பெயர். அசையும் படமாக வருவது அனிமே. மங்காவைப் பின்னட்டை என்று நாம் கருதும் பக்கத்திலிருந்து தொடங்கி, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல்முறை கையில் எடுப்போர் பலர் திகைத்துப் போவர். நம் இல்லங்களில் அரபுத்தமிழ் நூல்களை ஓதி வளர்ந்த மூதாட்டிமார் இருந்திருந்தால் சற்றும் திகைத்திருக்க மாட்டார்கள்! மேலைநாட்டார் தொடக்கத்தில் இந்தப் படங்களைக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பி அச்சிட்டனர். விளைவு, வலக்கையால் வாள் வீசிய வீரரெல்லாம் இடக்கையர் ஆயினர். இரசிகர்கள் முணுமுணுத்தனர், பிற்பாடு, 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், மூலத்தில் உள்ளவாறே அச்சிடும் முறை அங்கும் நிலைபெற்றது.

வாசகரின் முணுமுணுப்புக்கு ஜப்பானில் என்ன மதிப்பு என்பதை அறிய, ஷூயிஷா பதிப்பகம் 1968ஆம் ஆண்டு தொடங்கிய "ஷோனென் ஜம்ப்" என்னும் சிறுவர் ஏட்டைப் பார்த்தல் வேண்டும். அடுத்த ஆண்டே வார ஏடாயிற்று. 1990களின் நடுவில் ஒரே இதழ் 65 இலட்சம் படிகளுக்கும் மேல் அச்சானது. இந்த ஏட்டினுள் ஓர் அஞ்சலட்டை இணைக்கப்பட்டிருக்கும். அவ்விதழில் வந்த தொடர்களுள் தமக்கு மிகப் பிடித்த மூன்றைக் குறித்து வாசகர் அதனைத் திருப்பி அனுப்புவர். ஆசிரியர் குழு அட்டைகளை எண்ணும். தொடர்ந்து அடிமட்டத்தில் நிற்கும் கதை சில மாதங்களிலேயே முடிக்கப்படும். பெயர்பெற்ற ஓவியர் என்றும் பாராமல், பாதிக் கதையில் இருக்கிறார் என்றும் பாராமல், முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பள்ளி விட்டு வந்து, பென்சிலால் மூன்று பெயர்களைக் குறித்து, அஞ்சற்பெட்டியில் போடுகிறான். ஒரு குடும்பத்தின் வருவாய் அதனால் நிற்கலாம், அல்லது உயரலாம்.

இம்முறையைப் புகழ்வோரும் உளர், பழிப்போரும் உளர். எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சிறுவருக்கான ஏட்டைச் சிறுவரைக் கேட்டு நடத்துவது நல்ல வழக்கமே. ஆயினும் எண்ணிக்கைக்கு ஒரு குறை உண்டு. யார் எதைத் தேர்ந்தார் என்பதை அது சொல்லும்; ஏன் தேர்ந்தார் என்பதைச் சொல்லாது. மெல்ல மலரும் கதைக்கு அது இரங்குவதும் இல்லை.

இதற்குச் சான்றாக ஒரு பெண்மணியின் வரலாறு உண்டு. ஹாகியோ மோட்டோ என்பவர் சிறுமியருக்கான மங்காவில் புதுத்தடம் அமைத்த ஓவியர்களுள் ஒருவர். 1974ஆம் ஆண்டு "தோமாவின் இதயம்" என்னும் தொடரை ஒரு வார ஏட்டில் தொடங்கினார். ஜெர்மானிய நாட்டு விடுதிப் பள்ளியொன்றில் நிகழும் துயரக் கதை அது. முதல் பகுதி வெளிவந்ததும் வாசகர் வாக்கெண்ணிக்கையில் அது கடைசி இடத்தில் நின்றது! விரைவில் முடித்துவிடும்படி ஆசிரியர் சொன்னார். இன்னும் சில வாரங்கள் பொறுங்கள் என்று அவர் மன்றாடினார். அதே வேளையில் அவருடைய முந்தைய படைப்பான "போவின் குலத்தார்" நூல் வடிவில் வெளிவந்தது. அச்சிட்ட 30,000 படிகளும் மூன்றே நாட்களில் தீர்ந்துபோயின. ஆசிரியர் குழு வியந்தது. தோமாவின் கதை உரிய முடிவுவரை தொடர்ந்தது. அட்டை எழுதாத வாசகியர் கடைக்கு நடந்து போய்த் தம் கருத்தைத் தெரிவித்துவிட்டனர் போலும்! 2019ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு அவருக்குப் பண்பாட்டுத் துறைச் சான்றோர் என்னும் சிறப்பை அளித்தது.

தொலைக்காட்சியிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1974 அக்டோபரில் "விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ" என்னும் அனிமே தொடங்கியது. அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. வீடுகளில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. சிறு பிள்ளைகள் ஹைடியைக் கேட்டனர். யமாட்டோவைப் பார்ப்போர் குறைந்தமையால், திட்டமிட்டதைச் சுருக்கி, 26 பகுதிகளோடு 1975 மார்ச்சில் முடித்துவிட்டார்கள். கதை அத்துடன் மறக்கப்பட்டிருக்க வேண்டியது. ஆனால் மாணவ மாணவியர் இரசிகர் மன்றங்கள் அமைத்தனர். கையால் எழுதிப் படியெடுத்த சிறு ஏடுகளை ஊர்விட்டு ஊர் அனுப்பினர். மறு ஒளிபரப்புகள் வந்தன. 1977 ஆகஸ்டில் அந்தப் பகுதிகளையே தொகுத்துத் திரைப்படமாக வெளியிட்டபோது, திரையரங்குகளின் வாயிலில் இளைஞர் கூட்டம் முதல்நாள் இரவே வந்து வரிசையில் நின்றது. மறு ஆண்டு அனிமேக்கென்றே "அனிமேஜ்" என்னும் மாத ஏடு பிறந்தது. மியாசாகி ஹயாவோ "நவ்சிகா" கதையை 1982ஆம் ஆண்டு எழுதி வரையத் தொடங்கியது அவ்வேட்டில்தான்.

கையெழுத்து ஏடுகளைக் குறிப்பிட்டேன் அல்லவா? அவற்றுக்கென ஒரு சந்தையே ஏற்பட்டது. 1975 டிசம்பர் 21ஆம் நாள், தோக்கியோவில் ஒரு வாடகை மண்டபத்தில், மங்காவை ஆய்ந்து விமரிசனம் எழுதிவந்த இளைஞர் குழுவொன்று முதல் "காமிக் மார்க்கெட்" கூட்டத்தை நடத்தியது. கடை விரித்த குழுக்கள் 32. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளி மாணவியர் என்பது கவனத்திற்குரியது. அக்கூட்டத்தில் ஒரு விதி உண்டு, இன்றளவும் உண்டு. விற்பவர், வாங்குபவர், நாற்காலி தூக்கிப் போடும் தொண்டர் ஆகிய அனைவரும் "பங்கேற்பாளர்"களே. வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை! 2019 டிசம்பரில் நான்கு நாட்கள் நடந்த கூட்டத்திற்கு வந்தோர் எண்ணிக்கை ஏழு இலட்சத்து ஐம்பதாயிரம். அங்கே விற்கப்படுவனவற்றுள் வீட்டினுள் கொண்டுவரத் தகாதவையும் நிரம்ப உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. எது தகும், எது தகாது என்று அறிய அட்டைப்படம் உதவாது. படித்த ஒருவரின் சொல்தான் உதவும். என் பேத்தி மூன்றாவது நூலுக்கு எழுதிய குறிப்பின் பயனை அப்போதுதான் நான் முழுதும் உணர்ந்தேன்.

முதலாவது நூலுக்கு வருவோம். அதன் பெயர் "வெறுங்கால் கென்". எழுதி வரைந்தவர் நாகசாவா கெய்ஜி. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அவருக்கு வயது ஆறு. பள்ளிச் சுவரின் மறைவில் நின்றதனால் உயிர் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் சிக்கி மாண்டனர். நிறைமாதக் கருவுற்றிருந்த தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றார். இந்நிகழ்ச்சிகளைக் கென் என்னும் சிறுவனின் கதையாக்கி, நான் மேலே சொன்ன அதே ஷோனென் ஜம்ப் ஏட்டில் 1973ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கினார். வீரதீரக் கதைகளுக்கு நடுவே இந்தக் கதை! பின்னர் வேறு ஏடுகளில் தொடர்ந்து, 10 தொகுதிகளாக நிறைவுற்றது.

அது கடல் கடந்த விதம் கேட்கத்தக்கது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமைதி வேண்டி ஒரு நெடும் நடைப்பயணம் நடந்தது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. இரு ஜப்பானிய இளைஞர்கள் அதில் கலந்துகொண்டனர். இவர்கள் ஜப்பானியர் என்றறிந்ததும் உடன் நடந்தோர் ஹிரோஷிமாவைப் பற்றி வினவினர். இருவருள் ஒருவருடைய முதுகுப்பையில் "கென்" நூலின் படியொன்று இருந்தது. குண்டுக்குத் தப்பியவர் தம் அனுபவத்தைச் சித்திரக் கதையாக எழுதியிருக்கிறாரா என்று அமெரிக்கர் வியந்தனர். இதை எங்கள் மொழியில் தாருங்கள் என்று வற்புறுத்தினர். ஊர் திரும்பிய இளைஞர்கள் நண்பர்களைத் திரட்டி, "கென் திட்டம்" என்னும் பெயரில் ஊதியம் வாங்காத மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தனர். முழுநீள மங்கா ஒன்று ஆங்கிலத்திற்குச் சென்றது ஏறத்தாழ அதுவே முதல் தடவை. பிறகு எத்தனையோ மொழிகளுக்குச் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் நூலை விற்கப் போகவில்லை, விளம்பரம் செய்யவும் போகவில்லை. கேட்டவர்க்குத் தம் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். 2013ஆம் ஆண்டு, மத்சுவே என்னும் ஊரில் பள்ளி நூலகங்களில் இந்நூலைப் பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிக்கத் தடை இருப்பது வெளியே தெரிந்தது. கொடுமைக் காட்சிகள் மிகுதி என்பது காரணம். நாடெங்கும் எதிர்ப்பு எழவே, ஆகஸ்டு மாத இறுதியில் தடை நீங்கியது. கொடுமைக் காட்சிகள் உண்டு என்பது மெய்தான். நான் படித்தேன்; ஓரிடத்தில் நூலை மூடிவிட்டு எழுந்து முற்றத்தில் நடந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனியே கொடுக்க மாட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளையோடு உடனிருந்து படிப்பேன்.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அனிமே இரசிகர் மன்றமொன்று ஏற்பட்டது. ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே தொலைக்காட்சி முறையைக் கைக்கொண்டிருந்தமையால், ஜப்பானில் பதிந்த நாடா அங்கும் ஓடும். மொழிதான் புரியாது. ஆகவே கதைச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து, படம் பார்க்க வந்தோர் கையில் கொடுத்தார்கள். 1980களின் இறுதியில் வீட்டுக் கணினிகளைக் கொண்டு தாமே வசனங்களை மொழிபெயர்த்துத் திரையின் அடியில் ஓடவிட்டனர். வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து அனுப்புவார்கள். "விற்பனைக்கு அன்று" என்ற எச்சரிக்கையும் அந்நாடாக்களில் ஓடும். உரிமைச் சட்டத்தின்படி இது தவறே. அதனை அறிந்திருந்த பல குழுக்கள், ஒரு தொடரை அமெரிக்க நிறுவனம் முறையாக வாங்கிவிட்டால் தம் படிகளை நிறுத்திக்கொண்டன. ஒன்றைப் பரிந்துரைக்க இரவு முழுதும் கண்விழிக்க வேண்டியிருந்த காலத்தில், எதைப் பரிந்துரைப்பது என்று மனிதர் இருமுறை எண்ணினர்.

இரசிகர் சொல் எப்போதும் புகழ்ச்சியாகவே இருப்பதில்லை. நம்மைத் தொட்ட ஒரு நிகழ்ச்சியும் இதில் உண்டு. "ஜோஜோ" என்னும் புகழ்பெற்ற கதையை ஒளிநாடாப் படமாக ஆக்கியபோது, கொடியவன் ஒருவன் நூலொன்றைப் படிக்கும் காட்சியில், பக்கத்தில் அரபு எழுத்து வேண்டும் என்பதற்காகத் திருக்குர்ஆனின் பக்கத்தை அப்படியே வரைந்துவிட்டார்கள். பொருள் தெரியாமல் செய்த பிழை என்பது அவர்கள் தந்த விளக்கம். முதலில் இதனைக் கண்டவர்கள் யார்? அப்படத்தை ஆர்வத்தோடு பார்த்த அரபு நாட்டு இரசிகர்களே! 2008 மே மாதம் ஷூயிஷா பதிப்பகமும் படநிறுவனமும் வருத்தம் தெரிவித்து, அந்தப் படத்தின் விற்பனையை நிறுத்தின. மூலக் கதையில் பள்ளிவாசல்களையொத்த கட்டடங்கள் சேதமுறும் காட்சிகளைத் திருத்துவதாகவும் கூறின. பாராதவர் எழுப்பும் கூச்சலுக்கும், விரும்பிப் பார்த்தவர் காட்டும் பிழைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு விடை சொல்லாமல் தப்ப இயலாது.

அரபு நாட்டாருக்கும் இக்கதைகளுக்கும் உள்ள உறவு நெடியது. தகஹாஷி யோஇச்சி 1981ஆம் ஆண்டு தொடங்கிய "காப்டன் த்சுபாசா" என்னும் கால்பந்துக் கதை, அரபுக் குரலில் "காப்டன் மாஜித்" ஆயிற்று. வளைகுடா நாடுகளில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுள் சிலருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். திமிஷ்க் நகரில் அத்தொடரைப் பார்த்து வளர்ந்த சிறுவருள் ஒருவர் உபாதா கஸ்ஸூமா. 2012ஆம் ஆண்டு மாணவராக ஜப்பான் சென்றார். தாயகத்திலோ உள்நாட்டுப் போர். அங்கிருந்தவாறே மூல மங்காவை அரபு மொழியில் பெயர்த்தார். மங்காவும் அரபு நூலும் வலமிருந்து இடமாகவே படிக்கப்படுவன. படத்தைத் திருப்ப வேண்டிய தேவை எழவில்லை! அந்நூலின் படிகள் ஜெர்மனி, துருக்கி முதலிய நாடுகளில் தஞ்சம் புகுந்திருந்த சிரியாச் சிறுவர்களுக்கு 2017ஆம் ஆண்டையொட்டி இலவசமாக வழங்கப்பட்டன. வீடிழந்த பிள்ளைக்குப் போர்வை தேவை, உணவு தேவை. சற்று நேரம் சிறுவனாக இருக்க ஒரு கதையும் தேவை என்று, தாமும் ஒரு காலத்தில் அக்கதைக்குச் சிறுவராக இருந்தவருக்குத்தான் தோன்றும்.

இப்போது கைப்பேசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறார்கள். என் பேத்தி அதனையும் எனக்குக் காட்டினாள். தமக்குப் பிடித்த தொடர் முதலிடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, போட்டித் தொடரைப் பாராமலே "ஒன்று" என்று இட்டுவிடுவோரும் உளராம். "அதையெல்லாம் நான் பார்ப்பதில்லை நன்னா. என் தோழி சொன்னால் பார்ப்பேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவள் ஏமாந்த இடமும் எனக்குத் தெரியும்" என்றாள்.

தாளில் இருந்த முதல் நூலை முடித்துவிட்டேன். இரண்டாவதில், அவள் எச்சரித்த இழுவையில் இப்போது நிற்கிறேன், பொறுத்துக்கொள்கிறேன். மூன்றாவதை அவளுக்குத் தெரியாமல் எடுத்து இருபது பக்கம் புரட்டினேன். அவள் சொன்னது சரி, எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கிடையில், கடிந்துகொண்ட என் மகன் இரவில் "கென்" நூலின் இரண்டாம் தொகுதியைத் தேடிக்கொண்டிருந்ததாக மருமகள் சொல்லக் கேட்டேன். என் கருத்தையும் எழுதித் தர வேண்டும் என்று பேத்தி ஒரு வெற்றுத் தாளை நீட்டியிருக்கிறாள். நூலொன்றுக்கு ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாதாம். "அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய" என்று தொடங்கவும் கூடாதாம்.